முதல் காமிக்ஸாக எதைக் கொடுப்பது: 19,300 ரூபாய் செலவழித்துத் தெரிந்துகொண்டவை

கையை விட்டுப் போனது 19,300 ரூபாய். கூடவே ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகள். மதுரையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்காக ஒரு காமிக்ஸ் அலமாரி வைக்கலாம் என்று நானாக ஆரம்பித்த வேலை அது. காமிக்ஸ் படிக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. ஆனால் எல்லோரும் என்னைப் போல எட்டு, ஒன்பது வயதில் தொடங்கியவர்கள். புதிதாக ஒருவர் காமிக்ஸைக் கையில் எடுக்கும்போது எங்கே தடுமாறுவார் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும். நான் எழுதுவதைப் பார்த்தாவது இன்னொருவர் தப்பிக்கட்டும்.

எங்கே தப்பு செய்தேன் என்பது புரிய, நான் என்னென்ன வாங்கினேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நான் வளர்ந்தது முத்து, லயன், ராணி காமிக்ஸ் காலத்தில். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. நான் படித்ததெல்லாம் பிறகு வந்த மறுபதிப்புகள்தான் என்றாலும், என் பள்ளிக்கூட விடுமுறைகள் முழுக்க அந்த மாயாவியோடு போனவை. அதனால் அலமாரி என்றதும் மனம் நேராக அங்கேதான் போனது. பழைய இதழ்கள் சேகரிக்கும் ஒருவரிடம் 11 புத்தகங்களை 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு சூப்பர் ஹீரோ வேண்டும் என்று ஆங்கிலத்தில் 9 புத்தகம், 4,100. தள்ளுபடி விலையில் கிடைத்த ஜப்பானிய மங்கா 8, ஒன்று 250 என்று 2,000. ஐரோப்பியக் கதைகளின் தமிழ்ப் பதிப்புகளும் ஒரு தடித்த தொகுப்புமாக 6,000. தச்சரிடம் சொல்லிச் செய்த அலமாரி 2,000. வாங்கி அடுக்கிய அன்று இரவு அதன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

முதல் ஞாயிறு 14 பிள்ளைகள் வந்தார்கள். எடுத்தார்கள், புரட்டினார்கள், அட்டையைக் காட்டிச் சிரித்தார்கள். அடுத்த வாரம் 9. ஐந்தாவது வாரம் மூன்று பேர். அதில் ஒருவன் மின்விசிறிக்காக வந்தவன். எடுத்துப் போன புத்தகங்கள் திரும்பி வந்தபோது, முதல் நான்கைந்து பக்கங்களுக்கு மேல் யாரும் புரட்டியதற்கான அடையாளமே இல்லை. எனக்கு வலித்தது, அதை மறைக்க விரும்பவில்லை. இந்தத் தலைமுறைக்கு போன் போதும், படிப்பதெல்லாம் முடிந்துபோனது என்று மனைவியிடம் புலம்பினேன். அப்படிப் புலம்பியது அநியாயம் என்று பிறகுதான் உறைத்தது.

உறைக்க வைத்தது ஒரு மங்கா புத்தகம். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன், "அங்கிள், நீங்க வாங்கியிருக்கிறது ஏழாவது வால்யூமும் பன்னிரண்டாவதும். முதல் வால்யூம் இல்லாம இதை எப்படிப் படிக்கிறது?" என்று கேட்டான். நான் அந்த எண்களைக் கவனிக்கவே இல்லை. பதில் சொல்லத் தெரியாமல், சரி, நாமே படித்துப் பார்ப்போம் என்று ஒன்றைத் திறந்தேன். மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கண் கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இடது மூலைக்குத்தான் ஓடியது. கட்டங்களைச் சரியாகப் பிடித்தால் அதற்குள் இருக்கும் பலூன்களை, அதாவது வசனம் எழுதிய குமிழ்களை, தலைகீழாகப் படித்தேன். பதில் முதலில், கேள்வி அப்புறம். யார் அடித்தார், யார் விழுந்தார் என்று விளங்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் தலை வலித்தது, மூடி வைத்துவிட்டேன். நாற்பது வருடமாக காமிக்ஸ் படிக்கிற எனக்கே இந்தப் பாடு. நான் கொடுத்த புத்தகங்களில் அந்தப் பிள்ளைகளுக்கும் இதுவேதானே நடந்திருக்கும்?

அடுத்த வாரம் பேச்சை விட்டுவிட்டுப் பார்க்க மட்டும் செய்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு விரல் வைத்துப் படிக்கும் பழக்கம் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்தேன். முதல் கட்டத்தில் பலூனுக்குப் போனது, இரண்டாவது கட்டத்திலும் பலூனுக்குப் போனது. படத்தின் மேல் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மூன்றாவது கட்டம் பக்கத்தின் பாதி உயரத்துக்கு நீண்டிருந்தது. அதன் வலப்பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சின்னக் கட்டங்கள். விரல் அங்கே நின்றது. பிறகு நீண்ட கட்டத்தோடு கீழே இறங்கி அடுத்த வரிசைக்கே போய்விட்டது. வலப்பக்கத்து இரண்டும் விடுபட்டுப் போயின. துப்பாக்கியைத் திருப்பி நீட்டுவது அந்த இரண்டு கட்டங்களில்தான். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "இந்த ஆளு ஏன் அங்கிள் திடீர்னு கையைத் தூக்குறாரு?" என்றாள்.

அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. காமிக்ஸ் படிப்பது ஒரு பழக்கம், கண்ணுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய பழக்கம். படத்தையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்க்கவும், எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம் என்று கண்டுபிடிக்கவும், ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் நடந்ததை நாமே மனதுக்குள் நிரப்பிக்கொள்ளவும் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டதால் அது ஒரு திறமை என்பதே நமக்குத் தெரிவதில்லை. ஆகவே நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான். புதியவருக்கு ஒரு புத்தகம் வாங்குமுன் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, எழுத்தைப் படிக்காமல் கட்டங்களின் வரிசையை மட்டும் பாருங்கள். எது அடுத்தது என்று ஒரு நொடியாவது யோசிக்க வேண்டியிருந்தால் அது முதல் புத்தகம் அல்ல. கட்டத்தை உடைத்து, பக்கம் முழுக்க ஆட்களைச் சிதறவிட்டு வரையும் சூப்பர் ஹீரோ புத்தகங்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. என்னுடைய 4,100 ரூபாய் அப்படிப் போனது.

சூப்பர் ஹீரோ புத்தகங்களில் இன்னும் இரண்டு சிக்கல். ஸ்பைடர்மேன் 1962 முதல் ஓடிக்கொண்டிருக்கும் கதை. நடுவில் ஒரு புத்தகத்தை எடுத்தால், யார் யாருக்கு விரோதி, யார் செத்து மீண்டவர் என்பதெல்லாம் தெரிந்தால்தான் ருசிக்கும். அடுத்தது ஆங்கில காமிக்ஸின் எழுத்து. பெரும்பாலும் எல்லாமே பெரிய எழுத்து, அதாவது கேப்பிட்டல். பாடப்புத்தகத்தின் சின்ன எழுத்தில் பழகிய பிள்ளைகள் இதில் வேகம் குறைந்துபோகிறார்கள். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும் ஒரு பையனே ஒரு பலூனைப் படிக்க மூச்சு வாங்கினான். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

தமிழில் வருவதாலேயே எழுத்துச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. நான் வாங்கிய ஐரோப்பியக் கதைகளில், பிரெஞ்சு மொழிக்கு அளவெடுத்து வரைந்த பலூனுக்குள் நம் தமிழ் உட்கார வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. அதனால் வசனம் அதிகமுள்ள கதைகளில் எழுத்து பொடிப்பொடியாகிவிடுகிறது. இது எனக்கு அப்பா மூலம் தெரிந்தது. அவருக்கு 71 வயது, கண்புரை அறுவை ஆகி மூன்று மாதம். வீட்டில் சும்மா இருக்கிறாரே என்று அந்தத் தடித்த தொகுப்பைக் கொடுத்தேன். நினைவிழந்த ஒருவன் தான் யார் என்று தேடிப்போகும் கதை, பல பாகங்கள், எனக்கு உயிர். அப்பா அரைமணி நேரம் வைத்திருந்துவிட்டு, "கதை நல்லாத்தான் இருக்கும்போலப்பா. எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கையும் வலிக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். கை வலிக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. படுத்துக்கொண்டு படிக்கிறவருக்கு எடை முக்கியம். ஐம்பதைத் தாண்டியவருக்கு வாங்கும்போது புத்தகத்தை ஒரு கை தூரத்தில் பிடித்து, கண்ணாடி இல்லாமல் நீங்களே ஒரு பலூனைப் படித்துப் பாருங்கள். அப்புறம் விலையைப் பாருங்கள்.

நடுவில் ஒரு பெரிய அவமானமும் நேர்ந்தது. ஆல்பம் என்று சொல்லப்படும் ஐரோப்பிய காமிக்ஸ் புத்தகங்கள் பெரிய அளவில், முழு வண்ணத்தில், பளபளவென்று இருக்கும். பார்த்தால் பிள்ளைகள் புத்தகம் மாதிரியே தோன்றும். ஆனால் அவற்றில் ஏராளமானவை பெரியவர்களுக்காகவே எழுதி வரையப்பட்டவை. அட்டையை நம்பி, நான் முழுதும் படிக்காமல் அலமாரியில் வைத்த ஒன்றை நான்காம் வகுப்புப் பையன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். மாலையில் அவனுடைய அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே என் வாசலில் வந்து நின்றார். அவர் சத்தம் போடவில்லை. "நீங்க படிச்சுட்டுத்தானே சார் வைப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு அலமாரியைக் காலி செய்து, ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிப் பக்கம் வரை உட்கார்ந்து படித்தேன். இரண்டு வாரம் ஆனது. பிள்ளைகள் கைக்குப் போகிற எதையும் கடைசிக் கட்டம் வரை நீங்கள் படித்திருக்க வேண்டும். சின்ன வயதில் படித்த ஞாபகம் போதாது. என் பழைய பிரியமான இதழ்கள் சிலவற்றிலேயே ஆப்பிரிக்கர்களையும் பழங்குடிகளையும் வரைந்திருக்கும் விதத்தை இப்போது பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவற்றையும் எடுத்து வைத்தேன்.

அந்த வாசிப்புக்குப் பிறகுதான் விஷயம் திரும்பியது. எனக்குப் பிடித்தது எது என்று கேட்பதை நிறுத்தினேன். எதிரில் இருப்பவர் ஏற்கெனவே எதை ரசிக்கிறார் என்று கேட்கத் தொடங்கினேன். அந்தச் சிறுமிக்குச் சிரிப்பு பிடிக்கும், மிமிக்ரி செய்வாள். அவளுக்கு முதலில் கொடுத்தது 1980 முதல் வரும் டிங்கிள் என்ற சிறுவர் இதழின் சுப்பாண்டி கதைகள். இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். ஒரே மாதிரிக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒன்றிரண்டு பலூன். சொன்னதை அப்படியே செய்துவைக்கும் சுப்பாண்டி நம் ஊர்க் கதைகளிலிருந்து போனவன்தான், அதனால் அவனை அறிமுகப்படுத்தத் தேவையே இல்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு லக்கி லூக். 1946-ல் மோரிஸ் உருவாக்கிய கௌபாய், தமிழில் லயனில் நிறையவே வந்திருக்கிறான். தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிறவன். இந்த நகைச்சுவையை வார்த்தையில் சொன்னால் பாதிதான், நிழல் இன்னும் துப்பாக்கியை எடுக்காமல் நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதில் டால்டன் சகோதரர்கள் நால்வர், உயர வரிசையில் படிக்கட்டு மாதிரி நிற்பார்கள். இருப்பதிலேயே குள்ளமானவனுக்குத்தான் கோபம் அதிகம். நெட்டையனுக்குச் சோற்றைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும், பலூனுக்குப் போகாமலே சிரித்தாள். விரல் முதன்முறையாகப் படத்தின் மேல் நின்றது. நான்கு தலைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு இறங்கியது.

முதல் புத்தகத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை: படத்தைப் பார்க்காவிட்டால் கதை புரியக் கூடாது, படத்தைப் பார்த்ததும் உடனே புரிய வேண்டும். வசனமே முழுக் கதையையும் சொல்லிவிடும் புத்தகத்தைக் கொடுத்தால் புதியவர் படத்தைத் தாண்டிப் போகவே பழகுவார். அதோடு, கதை ஒரே புத்தகத்தில் முடிய வேண்டும். பிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளின் ஆல்பங்கள் பெரும்பாலும் 44 அல்லது 46 பக்கங்களில் ஒரு கதையை முடித்துவிடுகின்றன. ஒரே மூச்சில் முடிக்கலாம். முதல் தடவை "முடித்துவிட்டேன்" என்ற உணர்வு கிடைத்தவர்தான் இரண்டாவதைக் கேட்கிறார். 'தொடரும்' என்று முடிகிற எதையும் நான் இப்போது முதல் புத்தகமாகக் கொடுப்பதில்லை.

அப்பாவுக்கு டெக்ஸ் வில்லர் கொடுத்தேன். ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையில் வந்த படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தவர் அவர். இத்தாலியில் 1948-ல் பிறந்த இந்த ரேஞ்சர் கதைகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்குப் பெரும்பாலும் இரண்டு கட்டம், அவ்வளவுதான். கண் தடுமாற இடமில்லை. வண்ணம் இல்லாவிட்டாலும் கோடுகள் அழுத்தமானவை. ஒரே கதையாக மெல்லிய புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தேன். மறுநாள் காலை காபி குடிக்கும்போது, "அந்தத் தாடிக்காரர் கார்சன் இருக்காரே, அவர் வர்ற இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

மனைவி விஷயத்தில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி 16 வருடத்தில் அவள் ஒரு காமிக்ஸும் படித்ததில்லை. படம் போட்டது சின்னப் பிள்ளைகளுக்கு என்பது அவளுடைய முடிவு. நானும் வருடத்துக்கு ஒன்றாகக் கொடுத்துத் தோற்றிருக்கிறேன். கொடுத்ததெல்லாம் துப்பாக்கி, குதிரை, உளவாளி. அவள் விரும்பிப் படிப்பதோ தன்வரலாறுகள். இந்தத் தடவை ஈரானில் வளர்ந்த மர்ஜானே சத்ரபியின் பெர்செபோலிஸைக் கொடுத்தேன். தமிழில் விடியல் பதிப்பகம் ஈரான் என்ற பெயரில் கொண்டுவந்தது. கறுப்பு வெள்ளை, குழந்தை வரைந்தது போன்ற எளிய கோடு. இது காமிக்ஸ் என்று சொல்லாமல், ஒரு பெண் தன் சின்ன வயதைப் பற்றி எழுதியது என்று மட்டும் சொன்னேன். முதல் பக்கத்தில் 1980-ல் பத்து வயதான அவள் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த கட்டம் வகுப்புப் புகைப்படம். அதில் அவள் இடது ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போய், தெரியவே மாட்டாள். மனைவி சமையலறையிலிருந்து புத்தகத்தோடு வந்து, "இங்க பாருங்க, போட்டோவுல இவளையே காணோம்" என்று அந்த ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு இரவில் முடித்தாள். பிறகு அவளாகவே கேட்டு பீமாயணம் படித்தாள். அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தப் புத்தகத்தில் கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கட்டமே போடவில்லை. கனிவான பேச்சுக்குப் பறவை வடிவ பலூன், சாதித் திமிர் பேச்சுக்குத் தேள்கொடுக்கு வால் வைத்த பலூன். இதை முதலில் கொடுத்திருந்தால் என் கட்டச் சோதனைப்படி தவறான தேர்வு. ஒன்றைப் படித்து முடித்த பிறகு கொடுத்ததால் அவள் அந்தத் தேள் வாலையெல்லாம் தானே கண்டுபிடித்துச் சொன்னாள்.

இப்போது அலமாரியில் 31 புத்தகங்கள் இருக்கின்றன. ஞாயிறுக்கு ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். பெரிய கூட்டம் இல்லை, ஆனால் எடுத்துப் போனது படித்துத் திரும்பி வருகிறது. மங்கா ஏழையும் பன்னிரண்டையும் அந்தப் பத்தாம் வகுப்புப் பையனிடமே கொடுத்துவிட்டு, அவன் சொன்ன தொடரின் முதல் வால்யூமை மட்டும் வாங்கினேன். அது பிடித்தால் இரண்டாவது, இல்லாவிட்டால் அதோடு சரி. மொத்தமாக வாங்குவதை விட்டுவிட்டேன். முதலில் இரண்டோ மூன்றோ வாங்கி, ஒருவர் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள். பார்க்கும்போது குறுக்கே பேசி விளக்காதீர்கள். எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

5,200 ரூபாய்க்கு வாங்கிய அந்தப் பழைய இதழ்கள் 11-ம் வீட்டு பீரோவுக்குப் போய்விட்டன. தாள் பழுப்பேறி ஓரம் உதிர்கிறது, பிள்ளைகள் கையில் தாங்காது. போன மாதம் அந்தச் சிறுமி, "உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது அங்கிள்? அதை ஏன் இங்க வைக்கலை?" என்று கேட்டாள். ஒன்றை எடுத்து வந்து மேஜையில் விரித்து வைத்தேன். சின்ன அளவு, கறுப்பு வெள்ளை, கட்டங்கள் நெருக்கம். ஆறு மாதத்துக்கு முன் இரண்டு நிமிஷத்தில் மூடி வைத்த அதே இதழ். மின்சாரம் பாய்ந்து ஆள் மறைந்துபோக, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் கட்டத்தில் அவள் விரல் நின்றது. அடுத்த கட்டத்தைப் பார்த்தாள், மறுபடி திரும்பி வந்தாள்.

"ஆள் மறைஞ்சுட்டாரு. அப்ப அந்தக் கை ஏன் அங்கிள் மறையலை?"

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.